ஏசியிலிருந்து வடியும் நீரை வீட்டில் பயன்படுத்துவது: கேள்விகளும் பதில்களும்

ஸ்பிளிட் ஏசியின் பின்புறத்திலிருந்து சுவருக்கு வெளியே நீளும் மெல்லிய குழாயில் நாள்தோறும் நீர் சொட்டுகிறது. பல வீடுகளில் அது சுவரை நனைத்துப் பாசி பிடிக்க வைப்பதோடு சரி. அதைப் பிடித்து வைப்பவர்களிடமும் இரண்டு விதமான எண்ணங்கள் உலவுகின்றன. "காய்ச்சி வடித்த நீருக்குச் சமம்" என்று குடிக்கவே துணிகிறவர்கள் உண்டு. "அதில் கேஸ் கலந்திருக்கும், செடிக்குக்கூட ஊற்றாதே" என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. இரண்டுமே உண்மையல்ல. இது உப்பு இல்லாத நீர். ஆனால் கிருமி இல்லாத நீர் அல்ல. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறப்பவைதான்.

ஏசியில் நாம் நீர் எதுவும் ஊற்றுவதில்லையே, பிறகு இது எங்கிருந்து வருகிறது?

காற்றிலிருந்து வருகிறது. அறைக்காற்றில் கண்ணுக்குத் தெரியாத நீராவி எப்போதும் கலந்திருக்கிறது. ஏசிக்குள் உள்ள காயில் (வளைந்து செல்லும் குழாயும் அதைச் சுற்றிய மெல்லிய தகடுகளும்), ஓடும்போது ஏறத்தாழ 5 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்திருக்கும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 12 டிகிரியில் அந்த அளவு 11 கிராமைக்கூட எட்டாது. ஆகவே காற்று காயிலை உரசிச் செல்லும்போது தாங்க முடியாத மிச்சம் துளிகளாகிறது. அது அலுமினியத் தகடுகளில் வழிந்து, கீழே உள்ள தட்டில் சேர்ந்து, குழாய் வழியாக வெளியேறுகிறது. குளிர்ந்த நீர் ஊற்றிய தம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதே காரணத்தால்தான்.

சொல்லப்போனால், காற்றின் ஈரத்தைக் குறைப்பதுதான் ஏசியின் முதல் வேலையாக இருந்தது. 1902-இல் வில்லிஸ் கேரியர் தன் இயந்திரத்தை நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்துக்காகத்தான் வடிவமைத்தார். அங்கே காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் காகிதமும் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் போய்க்கொண்டிருந்தன. ஆட்களைக் குளிர்விப்பது பிறகு வந்த பயன்.

ஏசியின் கேஸ் இந்த நீரில் கலந்திருக்குமா?

இல்லை. ஆர்32, ஆர்410ஏ போன்ற குளிரூட்டும் வாயுக்கள் மூடிய செம்புக் குழாய்களுக்குள்ளேயே சுற்றுகின்றன. நீர் உருவாவது அந்தக் குழாய்களின் வெளிப்புறத்தில். எங்காவது கசிவு ஏற்பட்டாலும் வாயு காற்றில் கலந்து போகுமே தவிர நீரில் தங்குவது அரிது. கசிவின் அடையாளமாக ஏசியின் குளிர்ச்சி குறையும், சில சமயம் காயிலில் பனி படியும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் கிடைக்கும்?

உங்கள் ஊரின் ஈரப்பதத்தையும் ஏசி எவ்வளவு நேரம் முழு வேகத்தில் ஓடுகிறது என்பதையும் பொறுத்தது. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1 டன் ஏசி முழுத் திறனில் ஓடினால் மணிக்கு சுமார் 3.5 கிலோவாட் மணி வெப்பத்தை அறையிலிருந்து அகற்றுகிறது. ஈரம் மிகுந்த வானிலையில் அதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நீராவியைத் துளியாக்குவதிலேயே செலவாகிவிடும். ஒரு லிட்டர் நீர் கிடைக்கும் அளவுக்கு நீராவியைத் துளியாக்க ஏறத்தாழ 0.68 கிலோவாட் மணி வெப்பத்தை நீக்க வேண்டும். வகுத்துப் பார்த்தால் 1 டன்னுக்கு மணிக்கு 1.3 முதல் 1.7 லிட்டர் வரை வருகிறது.

இது உச்ச அளவு. இரவு முழுவதும் ஓடும் இன்வெர்ட்டர் ஏசி, அறை குளிர்ந்த பிறகு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது நீரும் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். வறண்ட காற்று வீசும் ஊர்களில் கோடைப் பகல் முழுவதும் ஏசி ஓடினாலும் ஒரு தம்ளர் நீர்கூடச் சேராமல் போகலாம். கணக்கைவிட நேரில் அளப்பதே மேல். ஏசி போட்டு ஒரு மணி நேரம் கழிந்த பிறகு குழாயின் கீழ் அளவுக்கோடு உள்ள பாத்திரத்தை அடுத்த ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

அதிக நீர் வந்தால் ஏசி நன்றாக வேலை செய்கிறது என்று பொருளா?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அதிக நீர் பெரும்பாலும் வேறு ஒன்றைச் சொல்கிறது. 30 கன மீட்டர் கொள்ளளவு உள்ள ஒரு சிறிய அறையை எடுத்துக்கொள்வோம். 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போது அந்த அறைக்காற்றில் மொத்தமாகவே ஏறக்குறைய 700 கிராம் நீராவிதான் இருக்கிறது. 25 டிகிரிக்கும் 50 சதவீதத்துக்கும் இறக்கினால் அதில் பாதி வெளியேறும். அதாவது வெறும் மூன்றரை நூறு கிராம். அப்படியானால் வாளி நிறையக் கிடைக்கும் நீர் எங்கிருந்து வந்தது? அறையில் இருப்பவர்களின் மூச்சும் வியர்வையும் ஆளுக்கு மணிக்கு 40 முதல் 80 கிராம் வரை தருகின்றன. அறைக்குள் ஈரத்துணி காய்ந்தால் அதுவும் சேரும். மீதி எல்லாம் கதவிடுக்கு, ஜன்னல் இடுக்கு வழியாக இடைவிடாமல் உள்ளே நுழையும் வெளிக்காற்றின் ஈரம்.

ஒவ்வொரு லிட்டருக்கும் மின்சாரம் செலவாகிறது. நல்ல ஏசியில்கூட லிட்டருக்கு ஏறத்தாழ 0.2 யூனிட் ஆகும். எனவே நீர் கிடைக்கிறதே என்று ஏசியைக் கூடுதல் நேரம் ஓட விடுவது வீண் செலவு. கதவின் அடியிலும் ஜன்னல் ஓரத்திலும் உள்ள இடைவெளிகளை அடைத்த பிறகு நீர் குறைந்தால் வருந்த வேண்டாம். மின்கட்டணமும் சேர்ந்தே குறைந்திருக்கும். எப்படியும் வடிகிற நீரை வீணாக்காமல் இருப்பது மட்டுமே நம் நோக்கமாக இருக்கட்டும்.

இந்த நீரைக் குடிக்கலாமா? கொதிக்க வைத்தால்?

கூடாது, கொதிக்க வைத்தாலும் கூடாது. உருவாகும் கணத்தில் அது தூய நீர்தான். ஆனால் உருவானதும் அது தொடுவது தூசி படிந்த காயிலை. நாள் முழுவதும் அறையின் தூசியையும் முடியையும் தோல் துகள்களையும் பூஞ்சை வித்துகளையும் சுமந்த காற்று அந்தக் காயில் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஃபில்டர் பெரிய துகள்களை மட்டுமே தடுக்கும். அடுத்து நீர் சேரும் தட்டு எப்போதும் ஈரமாகவும் இருட்டாகவும் இருப்பதால், பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்து வழவழப்பான ஒரு படலத்தை அங்கே வளர்த்திருக்கும். சர்வீஸுக்கு வருபவர் தட்டைக் கழற்றும்போது ஒருமுறை எட்டிப் பாருங்கள்; பிறகு குடிக்கும் எண்ணமே வராது.

கொதிக்க வைப்பது கிருமிகளைக் கொல்லும், உலோகங்களை நீக்காது. செம்புக் குழாய், அலுமினியத் தகடு, பற்றவைப்பில் சேர்ந்த உலோகங்கள் ஆகியவற்றின் நுண்ணிய அளவுகள் இந்த நீரில் கரைந்திருக்கலாம். உப்பே இல்லாத நீரும், காற்றின் கரியமில வாயு கரைந்து இலேசாக அமிலத்தன்மை கொண்ட நீரும் உலோகத்தை அரிப்பதில் கெட்டிக்காரத்தனம் உடையவை; இந்த நீர் இரண்டு வகையிலும் சேரும். கொதிக்கும்போது நீர் ஆவியாகி உலோகத்தின் செறிவு சற்றே கூடவும் செய்யும். சமைப்பதற்கும், பாத்திரம் கழுவுவதற்கும், பல் துலக்குவதற்கும், குளிப்பதற்கும் இதே பதில்தான்.

டிடிஎஸ் மீட்டரில் 20 என்றுதானே காட்டுகிறது? கேன் தண்ணீரைவிடக் குறைவாக இருக்கிறதே?

அந்த மீட்டர் நீரின் மின் கடத்தும் திறனை அளந்து, கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை ஊகித்துச் சொல்கிறது. கிருமி அதற்குத் தெரியாது. எந்த உலோகம் என்பதும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஈயத்துக்கு வகுத்துள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். முழு எண்களில் மட்டுமே காட்டும் ஒரு கருவியின் திரையில் அந்த அளவைப் போல் பல மடங்கு ஈயம் இருந்தாலும் எந்த மாற்றமும் தெரியாது. டிடிஎஸ் குறைவு என்பது "கறை படியாது, சோப்பு நன்றாக நுரைக்கும்" என்பதற்கான சான்று. "குடிக்கலாம்" என்பதற்கான சான்று அல்ல.

செடிகளுக்கு ஊற்றலாமா?

தாராளமாக ஊற்றலாம். இந்த நீருக்கு மிகப் பொருத்தமான பயன் இதுதான் என்பேன். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரை ஊற்றி வளர்க்கும் தொட்டிச் செடிகளில் மண்ணின் மேலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளைப் படிவு தோன்றுவதையும் இலை நுனிகள் கருகுவதையும் பார்த்திருப்பீர்கள். நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் மண்ணில் தங்கிச் சேர்ந்துகொண்டே போவதன் விளைவு அது. உப்பில்லாத நீரை அவ்வப்போது, தொட்டியின் அடித்துளை வழியாக வடியும் அளவுக்கு ஊற்றினால் தங்கிய உப்பு கரைந்து வெளியேறும். ஆர்க்கிட், பெரணி போன்ற மென்மையான செடிகளும், பூச்சியுண்ணும் செடிகளும் உப்பு குறைந்த நீரையே விரும்புகின்றன. வீனஸ் பூச்சிப்பொறி, குடுவைச் செடி வளர்ப்பவர்கள் மழைநீரையும் காய்ச்சி வடித்த நீரையும் தேடி அலைவது இதனால்தான்.

சில எச்சரிக்கைகள் உண்டு. இந்த நீரில் கால்சியம், மெக்னீசியம் போன்ற ஊட்டச் சத்துகள் எதுவும் இல்லை. இதை மட்டுமே மாதக்கணக்கில் ஊற்றினால் தொட்டி மண்ணில் உள்ள சத்து கரைந்து போய்க்கொண்டே இருக்கும். உரத்தை முறையாக இட வேண்டும், அல்லது வழக்கமான நீருடன் மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். குழாயிலிருந்து வரும் நீர் குளிர்ச்சியாக இருந்தால் வேர்கள் தாங்காது, சில செடிகளின் இலையில் புள்ளி விழும். அறை வெப்பத்துக்கு வரும்வரை வைத்திருந்து ஊற்றுவது நல்லது. இன்னொன்று, ஏசி குழாயின் முனையை நேராக ஒரு தொட்டிக்குள் விட்டுவிட்டு மறந்துவிடுவது. வேலை மிச்சம் என்று தோன்றும், ஆனால் இரவெல்லாம் சொட்டும் நீரில் மண் காயவே காயாது, வேர் அழுகிவிடும். குழாய் கேனில் முடியட்டும், கேனிலிருந்து செடிக்கு உங்கள் கையால் போகட்டும்.

நீரின் அமிலத்தன்மை மண்ணைக் கெடுத்துவிடுமா என்றும் கேட்கிறார்கள். பிஎச் அளவு (7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) 6-ஐ ஒட்டி இருந்தாலும், அந்த அமிலம் மிகப் பலவீனமானது. மண் அதை எளிதில் ஈடுகட்டிக்கொள்ளும்.

காய்கறி, கீரைகளுக்கு?

இதில் கருத்து வேறுபாடு உண்டு. செம்பு, ஈயம் ஆகியவை மிக நுண்ணிய அளவில்தான் இருக்கும் என்றாலும், பச்சையாக உண்ணும் இலைகளின் மேல் கிருமியுள்ள நீரைத் தெளிப்பதை நான் ஏற்கமாட்டேன். அலங்காரச் செடிகளும் பூச்செடிகளும் மரங்களும் இருக்கும்போது அவற்றுக்கே கொடுத்துவிடலாம். வேறு நீரே இல்லை என்றால், இலையில் படாமல் வேரடி மண்ணில் மட்டும் ஊற்றுங்கள்.

வீட்டைச் சுத்தம் செய்யப் பயன்படுமா?

செடிக்கு அடுத்தபடியாக இது சிறப்பாக உதவும் இடம் இதுதான். உப்புநீரால் துடைத்த கண்ணாடியில் காய்ந்த பின் வெண்புள்ளிகள் தெரியும். இந்த நீரில் தெரியாது. ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, கருநிறத் தரைக்கல், கார், பைக் எல்லாவற்றையும் துணியில் நனைத்துத் துடைக்கலாம். தரை துடைக்கும்போது வழக்கமாகச் சேர்க்கும் கிருமிநாசினியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சமையல் மேடையையும், குழந்தை தவழும் இடத்தையும் குடிநீர்த் தரமுள்ள நீரால் துடைப்பது நல்லது.

துணி துவைக்கலாமா?

துவைக்கலாம். மென்னீர் என்பதால் சோப்பு எளிதில் நுரைக்கும். வழக்கமாகப் போடும் சலவைத்தூளைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டு நிபந்தனைகள்: நீர் அன்றைக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும், அதில் பழுப்பு நிறமோ வாடையோ இருக்கக் கூடாது. வெள்ளைத் துணியை முதலில் போட வேண்டாம். கைக்குழந்தையின் துணிகளுக்கு இது தேவையில்லை.

கழிப்பறைக்கு?

எந்த யோசனையும் இல்லாமல் ஊற்றலாம். இன்றைய ஃபிளஷ் தொட்டிகள் ஒரு முறைக்கு 3 முதல் 6 லிட்டர் வரையும், பழையவை 9 லிட்டருக்கு மேலும் செலவழிக்கின்றன. ஓர் இரவில் சேரும் நீர் இரண்டு மூன்று முறைக்குப் போதும். நாளைக்கு இரு முறையாவது அங்கே நீர் தேவைப்படும் என்பதால், கேனில் நீர் தேங்காமல் காலியாக்குவதற்கும் இதுவே எளிய வழி.

இன்வெர்ட்டர் பேட்டரியில் ஊற்றலாம் என்கிறார்களே?

இந்த அறிவுரை பரவலாக இருக்கிறது, ஆனால் பின்பற்ற வேண்டாம். ஈய அமில பேட்டரிக்குத் தேவை உப்பு குறைந்த நீர் மட்டுமல்ல; இரும்பு, செம்பு, குளோரைடு ஆகியவை ஏறக்குறைய இல்லாத நீர். இந்த உலோகங்கள் சிறிதளவு சேர்ந்தாலும் பேட்டரி சும்மா இருக்கும்போதே தன் மின்னூட்டத்தை இழக்கத் தொடங்கும். ஏசி நீர் செம்பையும் துருவையும் தொட்டு வருகிறது. கடலோர வீடுகளில் காற்றிலுள்ள உப்பும் காயிலில் படிந்திருக்கும். ஊற்றியவுடன் எதுவும் நடக்காது. பல மாதங்கள் கழித்துப் பேட்டரி சீக்கிரம் தளரும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. ஒரு பேட்டரியின் விலைக்கு முன்னால் காய்ச்சி வடித்த நீரின் விலை மிகச் சொற்பம். கார் ரேடியேட்டருக்கும் இதே காரணங்களால் இந்த நீர் வேண்டாம்.

ஸ்டீம் அயர்ன் பாக்ஸ், ஏர் கூலர், ஈரப்பதமூட்டி, செடிகளுக்கான ஸ்பிரே?

இவை நான்கிலும் நீர் நுண்துளியாகவோ ஆவியாகவோ காற்றில் கலக்கிறது. தரையில் துடைத்தால் தீங்கு செய்யாத கிருமி, மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் தீங்கு செய்யலாம். 1976-இல் பிலடெல்பியாவில் அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மாநாட்டுக்கு வந்தவர்களிடையே கடுமையான நிமோனியா பரவிப் பலர் இறந்தனர். லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா அதன்பிறகுதான் கண்டறியப்பட்டது. அவர்கள் கூடிய ஓட்டலின் பெரிய குளிரூட்டும் அமைப்புடன் அது தொடர்புபடுத்தப்பட்டது. அத்தகைய அமைப்புகளில் சுற்றும் வெதுவெதுப்பான நீரும் நம் வீட்டு ஏசியில் வடியும் குளிர்ந்த நீரும் ஒன்றல்ல. ஆனால் வடிந்த நீரை வெயில் படும் இடத்தில் நாட்கணக்கில் வைத்தால் அதுவும் வெதுவெதுப்பாகிவிடும். அதையே தெளிப்பானில் நிரப்பினால் வேண்டாத அபாயம்.

எனவே ஈரப்பதமூட்டியில் கண்டிப்பாக வேண்டாம், கூலரிலும் வேண்டாம், இலைகளின் மேல் பனிபோல் தெளிக்கவும் வேண்டாம். அயர்ன் பாக்ஸில் கொதிநிலை இருப்பதால் கிருமி பற்றிய கவலை குறைவு. ஆனால் தூசியும் நூலிழைகளும் நுண்துளைகளை அடைத்துத் துணியில் கறை ஏற்படுத்தும். பல தயாரிப்பாளர்கள் ஏசி நீரைப் பயன்படுத்த வேண்டாம் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள்.

மீன் தொட்டி, பறவைகளுக்கான நீர்க்கிண்ணம்?

இரண்டுக்கும் வேண்டாம். நமக்குத் தெரியாத அளவு செம்பே இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு. மீன்களுக்குத் தேவையான தாதுக்களும் இதில் இல்லை. வீட்டு விலங்குகளும் பறவைகளும் நாம் குடிக்கும் நீரையே குடிக்கட்டும்.

எப்படிச் சேகரிப்பது?

குழாயைப் பற்றி முதலில். இண்டோர் யூனிட்டிலிருந்து கேன் வரை குழாய் தொடர்ந்து கீழ்நோக்கிச் சரிய வேண்டும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவாவது தேவை. கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. நடுவில் எங்காவது குழாய் தொய்ந்து மீண்டும் மேலே ஏறினால் அந்தப் பள்ளத்தில் நீரும் அழுக்கும் தேங்கி அடைத்துக்கொள்ளும். பிறகு நீர் திரும்பி அறைக்குள்ளேயே சுவரில் வழியும். கேனை உயரமான மேடையில் வைப்பதற்காகக் குழாயை உயர்த்துவது இந்தத் தொல்லைக்கு நேர்வழி. உயரத்துக்குக் கொண்டுபோகவே வேண்டும் என்றால் அதற்கென விற்கும் சிறு பம்பைப் பொருத்த வேண்டும்.

குழாயின் முனை கேனில் உள்ள நீருக்குள் மூழ்கக் கூடாது. மூழ்கினால் குழாயில் காற்று சிக்கி வடிதல் தடைபடலாம். முனை எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும்படி கட்டிவையுங்கள். கேனின் மேற்பகுதியில் ஒரு வழிதல் துளையையும் போட்டு, அதிலிருந்து ஒரு குழாயை வடிகாலுக்கு விட்டுவிட்டால் நீங்கள் ஊரில் இல்லாதபோதும் கவலையில்லை.

பாத்திரம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். இரும்பு வாளி இந்த நீரில் விரைவில் துருப்பிடிக்கும். ஒளி ஊடுருவாத நிறமாக இருந்தால் பாசி வளராது. வாய் அகன்ற வாளியைவிட, குழாய் நுழையும் அளவுக்கு மட்டும் துளையிட்ட மூடியுள்ள கேன் சிறந்தது. அடியில் ஒரு சிறு குழாய்வாய் பொருத்தினால் கேனைத் தூக்கிச் சாய்க்க வேண்டியதில்லை. 20 லிட்டர் கேன் நிரம்பினால் 20 கிலோவுக்கு மேல் எடை இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். முதியவர்கள் உள்ள வீட்டில் 10 லிட்டர் கேன்கள் இரண்டு போதும். பால்கனியில் வைக்கும்போது கைப்பிடிச் சுவரின் மேல் வைக்காமல் தரையில் வையுங்கள்.

எத்தனை நாள் சேமித்து வைக்கலாம்?

ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். இது சேமிப்பதற்கான நீர் அல்ல, அன்றன்றைக்குச் செலவழிப்பதற்கான நீர். குழாய்நீரில் உள்ள குளோரின் இதில் இல்லாததால் தேங்கியவுடன் கெடத் தொடங்கும்.

அதைவிடப் பெரிய கவலை கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குப் பக்கத்தில், நிழலில், பாத்திரத்தில் நிற்கும் தெளிந்த நீரைத்தான் தேடுகிறது. ஏசியின் கீழே வைத்த திறந்த வாளி அதற்கு மிக ஏற்ற இடம். முட்டை கொசுவாக மாற வெப்பமான வானிலையில் ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே வாரம் ஒருமுறையாவது கேனை முழுவதும் காலியாக்க வேண்டும்.

காலியாக்கினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். இந்தக் கொசு முட்டையை நீரில் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கிறது. காய்ந்த நிலையிலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி நீர் ஏறியதும் பொரியும். ஏசியைப் பல மாதங்களுக்கு நிறுத்தும்போது கேனைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, கவிழ்த்து வைக்க வேண்டியது இதனால்தான். மூடியின் துளைக்கும் குழாய்க்கும் இடையே உள்ள இடைவெளியை நெருக்கமான வலைத்துணியால் கட்டுங்கள். வழிதல் துளைக்கும் வலை வேண்டும். இதைச் செய்ய முடியாத வீட்டில் நீரைச் சேகரிக்காமல் விடுவதே நல்லது. சில லிட்டர் நீரைவிட அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் உடல்நலம் பெரிது.

ஏசி சர்வீஸ் செய்த பிறகு நீரை உடனே பயன்படுத்தலாமா?

காயிலைக் கழுவும் ரசாயனங்களில் காரமோ அமிலமோ இருக்கும். சர்வீஸ் முடிந்த பின் முதல் இரண்டு மூன்று நாட்களின் நீரைக் கழிப்பறையில் ஊற்றிவிடுங்கள், செடிக்கு வேண்டாம். நுரை, நிறம், வாடை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு வழக்கம்போல் பயன்படுத்தலாம்.

வழக்கமாக வரும் நீர் திடீரென்று குறைந்துவிட்டது. ஏன்?

நீரைப் பிடித்து வைப்பதில் ஒரு மறைமுக நன்மை இது: ஏசியின் உடல்நிலை உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். வானிலை வறண்டிருந்தால் குறைவது இயல்பு. ஈரமான வானிலையிலும் குறைந்தால் குழாய் அடைத்திருக்கலாம். இண்டோர் யூனிட்டின் அடியில் கசிவு தெரிகிறதா என்று பாருங்கள். ஃபில்டர் அழுக்கேறிக் காற்றோட்டம் குறைந்தாலோ கேஸ் குறைந்தாலோ, துளியாக வழிய வேண்டிய நீர் காயிலிலேயே பனியாக உறைந்துவிடும். அப்போது ஏசி ஓடும்வரை நீர் வராது, நிறுத்திய பிறகு மொத்தமாகக் கொட்டும். அப்படி நடந்தால் ஃபில்டரைக் கழுவிப் பாருங்கள். தொடர்ந்தால் மெக்கானிக்கை அழையுங்கள்.

விண்டோ ஏசியில் நீர் அதிகம் வருவதில்லையே?

பல விண்டோ ஏசிகளில் பின்புற விசிறியின் விளிம்பில் உள்ள வளையம், தட்டில் சேரும் நீரை வாரி, அறையின் வெப்பத்தை வெளியே விடும் சூடான பின்புறக் காயிலின் மேல் தெளிக்கும். நீர் ஆவியாகிப் போவதால் காயில் கொஞ்சம் குளிரும், மின்சாரமும் சற்று மிச்சமாகும். நீர் ஏற்கெனவே பயன்பட்டுவிட்டது. தட்டில் துளையிட்டு வெளியே எடுக்க வேண்டாம்.

அப்படியானால் ஸ்பிளிட் ஏசியின் அவுட்டோர் யூனிட்டில் இந்த நீரைத் தெளிக்கலாமா?

கொள்கையளவில் பயன் உண்டு. ஆனால் ஸ்பிளிட் ஏசியின் அவுட்டோர் யூனிட் அதற்கென வடிவமைக்கப்பட்டதல்ல. எப்போதும் ஈரமாக இருந்தால் தூசி ஒட்டிச் சேறாகும், உலோகம் அரிக்கும். அந்த யூனிட்டுக்கு நிழலும் நாற்புறமும் தடையில்லாத காற்றும் கிடைக்கச் செய்வது பாதுகாப்பான வழி.

ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீரோடு கலக்கலாமா?

நல்ல யோசனை. ஒன்றில் உப்பு மிக அதிகம், மற்றொன்றில் ஏறக்குறைய இல்லை. சம அளவில் கலந்தால் கழிவுநீரின் உப்புச்செறிவு கிட்டத்தட்டப் பாதியாகும். தனியாக ஊற்றினால் செடியை வாட்டக்கூடிய ஆர்ஓ கழிவுநீர், இந்தக் கலவையில் பல செடிகளுக்கு ஏற்றதாகிவிடும். டிடிஎஸ் மீட்டர் உண்மையிலேயே உதவுவது இங்கேதான். கலவையை 500-க்குக் கீழே கொண்டுவந்தால் பெரும்பாலான தொட்டிச் செடிகள் ஏற்றுக்கொள்ளும்.

அடுக்குமாடிக் குடியிருப்பு முழுவதற்கும் சேர்த்துச் செய்ய முடியுமா?

முடியும், உண்மையான பலனும் அப்போதுதான் தெரியும். துபாயின் புர்ஜ் கலீஃபாவில் குளிரூட்டும் அமைப்பிலிருந்து வடியும் நீர் ஒரு தொட்டியில் சேர்க்கப்பட்டுத் தோட்டப் பாசனத்துக்குப் போகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 கோடி கேலன், அதாவது ஐந்து கோடி லிட்டருக்கும் மேல். கடலோர வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர் என்பதால் அவ்வளவு கிடைக்கிறது.

சாதாரணக் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டின் ஏசி குழாயையும் வெளிச்சுவரில் இறங்கும் ஒரு பொதுவான பிவிசி குழாயில் இணைத்து, தரைமட்டத்தில் மூடிய தொட்டிக்குக் கொண்டுவரலாம். கட்டடம் கட்டும்போதே செய்தால் செலவு குறைவு. இந்தப் பொதுக் குழாயைக் கழிவுநீர்க் குழாயோடு நேராக இணைக்கக் கூடாது. துர்நாற்றமும் பூச்சிகளும் ஏசி வழியாக அறைகளுக்குள் வந்துவிடும். குடிநீர்த் தொட்டியோடும் எந்த வகையிலும் இணைக்கக் கூடாது. தோட்டத்தில் இந்த நீருக்கெனத் தனிக் குழாய்வாய் வைத்து, அதன் மேல் "குடிநீர் அல்ல" என்று அழியாத எழுத்தில் எழுதிவையுங்கள். குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் அது இருக்க வேண்டும்.